சலூன் பெஞ்சில் காய்கறிப் பெட்டிகள்

எங்கள் தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவரைச் சலூன்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்தக் கடைக்கு மேலே மாடியில் நான் குடியிருக்கிறேன். அதனால் அவருக்கு நான் ‘மாடித் தம்பி’. குடிவந்த நாளிலிருந்து என் தலை அவர் கையில்தான் இருக்கிறது.

அவரிடம் ஒரு குணம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வாய் வராது. வழி கேட்டால் வழி சொல்வார். அவர் சொன்ன வழியில் போனவர்கள் சிலர் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பவும் கடை வாசலுக்கே வந்து நின்றிருக்கிறார்கள். சிறுநீரகக் கல், வாடகை ஒப்பந்தம், கால்பந்து, பழைய வண்டியை எந்த மாதம் விற்றால் நல்ல விலை போகும் என்பது வரைக்கும் அவரிடம் பதில் தயாராக இருக்கும். சொல்வதற்கு முன் கத்திரியை ஒரு நொடி நிறுத்திக் கண்ணாடியில் நம் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையிலேயே பாதி நம்பிவிடுவோம். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமெல்லாம் கிடையாது. கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது, அவ்வளவுதான்.

கடை சின்னது. இரண்டு நாற்காலிகள், அதில் ஒன்று மேலே ஏறும், இறங்காது. சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. எதிரே காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பின்னால் ஒரு குட்டி அறை, அதில் தண்ணீர் காய்ச்ச ஓர் அடுப்பும் துண்டுகளை உலர்த்த ஒரு கொடியும். அவருடைய மனைவி பெரிய மருத்துவமனையில் நர்ஸ். பகல், இரவு என்று மாறி மாறி வேலை. எந்த வேலையாக இருந்தாலும் வீட்டில் சமைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். சலூன்காரர் அதைச் சூடு பண்ணிச் சாப்பிடுவார். சூடு பண்ணுவதற்கும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு எவ்வளவு நேரம் என்று கேட்பார் என்று அந்த அம்மா சொல்லிச் சிரிப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் திடலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சந்தை கூடும். விளைவித்தவர்களே கொண்டுவந்து விற்பார்கள். நர்ஸம்மா அங்கே ஒரே ஒரு பெண்ணிடம்தான் காய் வாங்குவார். ஊருக்கு வெளியே ஆற்றோரமாகத் தம்பியோடு சேர்ந்து காய்கறி போடும் பெண் அவள். நாங்கள் எல்லோரும் பிறகு அவளைத் தோட்டக்காரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தோம். சந்தையில் விற்பதை மட்டும் நம்பினால் ஒரு வாரம் மழை பெய்தாலும் சரக்கு தேங்கிவிடுகிறது என்று அவள் ஒரு புதிய ஏற்பாடு யோசித்து வைத்திருந்தாள். சேர்கிறவர்கள் பருவத் தொடக்கத்திலேயே பணம் கட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு வாராவாரம் தோட்டத்தில் என்ன விளைகிறதோ அதில் ஒரு பங்கு பெட்டியில் வந்துவிடும். நன்றாக விளைந்தால் பெட்டி நிறையும், இல்லாவிட்டால் குறையும். இது பேச்சு. ஆனால் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க அவளிடம் ஆள் இல்லை. ஊருக்குள் பெட்டிகளை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும் என்று சந்தையில் புலம்பியிருக்கிறாள். நர்ஸம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, எங்கள் கடையில் இறக்கிக்கொள் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சலூன்காரர் குதித்தார். முடி பறக்கிற இடத்தில் முட்டைக்கோஸா, கடைக்கு வருகிறவன் என்ன நினைப்பான் என்று கேட்டிருக்கிறார். நர்ஸம்மா அமைதியாகச் சொன்ன பதில் மறுநாளே தெருவுக்கே தெரிந்துவிட்டது.

“புதன்கிழமை கடையில ஈ ஓட்டிட்டுதானே இருக்கீங்க. பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து ஓட்டுங்க.”

அப்படித்தான் புதன்கிழமை காலையில் மூடி போட்ட பெட்டிகள் பெஞ்சின் மேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன. சாயங்காலம் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். நானும் சேர்ந்திருந்தேன். மாடிப்படி இறங்கினால் காய்கறி என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

முதல் வாரம் பெட்டியில் நூல்கோல் இருந்தது. இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது. அன்றைக்குப் பாதிப்பேருக்கு அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவர் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இதை என்ன செய்வது என்று பொதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சலூன்காரர் பதில் சொல்லிவிட்டார். தோலைச் சீவிவிட்டு மெல்லிசாக நறுக்கி, உப்புப் போட்டு எலுமிச்சை பிழிந்து பச்சையாகவே சாப்பிட வேண்டும், சமைத்தால் ருசி போய்விடும் என்றார். டீச்சர் தலையாட்டிக்கொண்டு போனார். சலூன்காரர் வாழ்நாளில் நூல்கோலைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த புதன்கிழமை டீச்சர் வந்ததும் வராததுமாக, இவ்வளவு நாள் இது தெரியாமல் போய்விட்டதே என்றார். குருட்டு அதிர்ஷ்டம் என்றால் அதுதான். அன்றிலிருந்து பெட்டியைத் திறக்கிறவர்கள் எல்லோரும் சலூன்காரர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். பீட்ரூட் தழையைத் தூக்கிப் போடாதீர்கள், பூண்டோடு வதக்குங்கள் என்றார்; நன்றாக வந்தது. டர்னிப்பைச் சுடச் சொன்னார், அதுவும் வந்தது. மனிதர் பூரித்துப்போனார். முடிவெட்டும்போதுகூடச் சமையல் பேச்சுதான்.

பிறகு கத்திரிக்காய் வந்தது. வங்கியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, குண்டு கத்திரிக்காயை எப்படிச் செய்வது என்று கேட்டார். அப்படியே முழுசாக ஓவனில் வைத்துவிடுங்கள், கீறவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம், உள்ளே இருக்கும் சாறு வெளியே போகக் கூடாது என்று சலூன்காரர் அடித்துச் சொன்னார். வங்கிக்காரரும் அப்படியே வைத்திருக்கிறார். அரைமணி நேரத்தில் சமையலறையில் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். ஓவன் கதவைத் திறந்து பார்த்தால் உள்பக்கம் ஓர் அங்குலம் பாக்கியில்லாமல் கத்திரிக்காய் அப்பியிருந்தது. அன்றைக்குப் பார்த்துப் புது மாமியாரும் வீட்டுக்கு வந்திருந்தாராம்.

வங்கிக்காரரின் மனைவிக்கும் மருத்துவமனையில்தான் வேலை. விஷயம் மறுநாளே நர்ஸம்மா காதுக்குப் போய்விட்டது. முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார். அப்புறம் கடைக்கு வந்தார். நான் அப்போது நாற்காலியில் கழுத்து வரைக்கும் துணி கட்டி உட்கார்ந்திருந்தேன். என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

“தெரியலைன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு அழுகிடுமா? அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னிருந்தா மூஞ்சி வெந்திருக்கும்.”

சலூன்காரர் என் தலையில் பாதிதான் வெட்டியிருந்தார். மீதிப் பாதியையும் வெட்டி முடித்தார். அந்தக் கடையில் கத்திரிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வங்கிக்காரர் வீட்டுக்குப் போய், ஓவனைத் தானே துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் அதோடு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். இவர் செய்தது வேறு. அடுத்த புதன்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், என் ஜன்னல் வழியாகத் தீய்ந்த வாடை வந்தது. தீப்பிடித்துவிட்டதோ என்று இறங்கி ஓடினேன். பின்னறையில் சலூன்காரர் கையில் ஒரு கரிந்த சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். கொடியில் கிடந்த துண்டுகள் எல்லாம் முள்ளங்கி வாடை அடித்தன. தண்ணீர் காய்ச்சும் அடுப்பில் அன்றைக்கு வந்த தன் வீட்டுப் பெட்டியிலிருந்து முள்ளங்கியை எடுத்து வதக்கிப் பார்த்திருக்கிறார். இனிமேல் நானே செய்து பார்க்காத எதையும் யாருக்கும் சொல்லப்போவதில்லை என்றார். அதற்கு முதல் படி சட்டியைத் தேய்ப்பது என்று நான் சொன்னேன்.

சொன்னபடி செய்தார். பெட்டி காலையில் வரும், ஆட்கள் சாயங்காலம்தான் வருவார்கள். நடுவில் கிடைக்கும் நேரத்தில் அந்த வாரத்துக் காயில் ஒன்றை எடுத்துச் சமைப்பார். எதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் நர்ஸம்மாவுக்கு ஃபோன் போடுவார். அவர் எடுக்காவிட்டால் கணக்கு டீச்சருக்குப் போடுவார். ருசி பார்ப்பதற்கு ஆள் வேண்டுமே? நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான் பலியாடு. கழுத்தில் துணி கட்டிக் கை இரண்டும் உள்ளே இருக்கும்போது கரண்டியை வாயருகே கொண்டுவந்துவிடுவார். தடுக்கவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. வெந்தும் வேகாத பீன்ஸ், சர்க்கரை என்று நினைத்து உப்பு கொட்டிய கேரட், எல்லாவற்றையும் நான் அந்த நாற்காலியில் விழுங்கியிருக்கிறேன். கொஞ்ச நாள் போனபின் விழுங்குவது கஷ்டமாக இல்லை. இன்னும் கொஞ்ச நாள் போனபின், முடி வளராவிட்டாலும் புதன்கிழமை மத்தியானம் கடைப்பக்கம் போக ஆரம்பித்தேன். என்னை மாதிரி இன்னும் சிலர் வந்தார்கள். ஈ ஓட்டிய நாள் போய் பெஞ்சில் இடம் இல்லாத நாளாகிவிட்டது. யாராவது புதுக் காயைக் காட்டிக் கேட்டால், “இன்னும் செஞ்சு பாக்கல, ஏழு மணிக்கு வாங்க” என்பார். அப்படிச் சொல்வதற்கு அவர் எவ்வளவு சிரமப்பட்டார் என்பது பக்கத்தில் இருந்து பார்த்த எனக்குத்தான் தெரியும்.

இரண்டாவது வருஷம் நல்ல விளைச்சல் நேரத்தில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. தோட்டக்காரம்மாவின் பள்ளத்து நிலம் முழுக்கத் தண்ணீர். தண்ணீர் வடிந்த பிறகும் செடியில் தொங்கிய காயைப் பறிக்க முடியாது. ஊரின் சாக்கடை எல்லாம் கலந்து ஓடிய தண்ணீர் அது. அதில் நனைந்ததை மனிதர்கள் சாப்பிடக் கூடாது. மேட்டில் ஒரு துண்டு நிலத்தில் முட்டைக்கோஸும், கொட்டகையில் முன்பே அறுத்து அடுக்கிய மஞ்சள் பூசணியும்தான் தப்பின. பெட்டியைத் திறந்தால் பூசணி. அடுத்த வாரமும் பூசணி. அதற்கடுத்த வாரம் பூசணியோடு ஒரு கோஸ்.

விளையாவிட்டால் குறையும் என்பது முதலிலேயே பேசியதுதான். ஆனால் பணம் கட்டும்போது தலையாட்டுவது வேறு, பூசணியை வாராவாரம் தூக்கிக்கொண்டு போவது வேறு. முணுமுணுப்புகள் ஆரம்பித்தன. ஒருவர் பெட்டியை எடுக்காமலே போனார். இரண்டு வீடுகள் விலகிவிட்டன. தோட்டக்காரம்மா வண்டியில் வந்தால் முன்பெல்லாம் இறங்கி நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவாள். இப்போது தம்பி பெட்டிகளை இறக்கி வைக்கிற வரைக்கும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மீதிப் பணத்தை எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிட்டு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றிருக்கிறேன் என்று ஞாயிற்றுச் சந்தையில் நர்ஸம்மாவிடம் சொன்னாளாம்.

சலூன்காரருக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அந்தத் திங்கட்கிழமை பேருந்து பிடித்துத் தோட்டத்துக்குப் போனார். என்ன நினைத்துக்கொண்டு போனார் என்று கேட்டேன். நாலு நல்ல யோசனை சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன் தம்பி என்றார்.

போய்ப் பார்த்தால் தக்காளிக்கு நட்ட கொம்புகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. கத்திரிச் செடிகளின் மேல் சேறு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. அழுகல் நாற்றம் தாங்க முடியவில்லை. அக்காவும் தம்பியுமாக வரிசை வரிசையாகக் கொம்புகளைப் பிடுங்கிக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் இவரைப் பார்த்ததும் நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டாள். இவர் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த நாலு யோசனையும் அந்த இடத்தில் வாயில் வரவில்லை. அடுத்து என்ன பண்ணப் போறீங்க என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

“தெரியலண்ணே. இதைக் கழுவி முடிச்சிட்டு யோசிக்கலாம்னு இருக்கேன்.”

இவரும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். இரண்டு முறை வழுக்கி விழுந்தார். மூன்றாவது முறை விழுந்தபோது தோட்டக்காரம்மாவின் தம்பி இவரைக் கையைப் பிடித்துத் தூக்கிக் கொட்டகை நிழலில் உட்கார வைத்து, நீங்க வந்ததே போதும்ண்ணே என்று சொல்லியிருக்கிறான். அப்போதுதான் அவன் தலையைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறார். வெள்ளம் வந்த நாளிலிருந்து ஊர்ப்பக்கம் வர நேரம் இல்லாமல் முடி சேறும் சிக்குமாகக் கிடந்தது. இவர் எங்கே போனாலும் பையில் ஒரு கத்திரியும் சீப்பும் இருக்கும். அங்கேயே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவனை உட்கார வைத்து வெட்டினார். உதவிக்கு வந்திருந்த பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் வரிசையில் நின்றார்கள். கடைசியாகத் தோட்டக்காரம்மாவும் வந்து, பின்னால் மட்டும் கொஞ்சம் குறைச்சு விடுங்கண்ணே என்று உட்கார்ந்தாள். வெட்டி முடிக்கிற வரைக்கும் அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது என்றார். இவர் மெதுவாக வெட்டினார்.

அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்த ஒவ்வொரு தலையும் இதைக் கேட்டது. யாரிடமும் அவர் கெஞ்சவில்லை, விலகாதே என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். கத்திரி காதோரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்காமல் எங்கே போவது? எனக்கும் சொன்னார். எந்தப் பகுதியையும் கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வழுக்கி விழுந்ததைக்கூட மறைக்கவில்லை.

புதன்கிழமை பின்னறை அடுப்பு காலையிலிருந்தே எரிந்தது. பூசணி சூப் ஒரு பெரிய பாத்திரம் நிறைய. மிளகு போட்டுச் சுட்ட பூசணித் துண்டுகள் ஒரு தட்டில். விதைகளைக்கூடக் கழுவி உப்புப் போட்டு வறுத்திருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் தம்ளரில் சூப் ஊற்றிக் கொடுத்தார். நன்றாகவே இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து குடித்துவிட்டு, முணுமுணுக்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கணக்கு டீச்சர்தான் அதுவரைக்கும் அதிகம் சத்தம் போட்டவர். அவர் முடிவெட்ட வருகிறவர் இல்லை என்பதால் சலூன்காரர் சொன்ன கதை அவருக்குப் போய்ச் சேரவில்லை. விலகப்போகிறேன் என்று சொல்வதற்காகவே வந்திருந்தார். நின்றபடியே கேட்டார். கட்டிய பணத்துக்கு என்ன வந்தது என்று நானே கூட்டிப் பார்த்துவிட்டேன், இது நியாயமா என்றார். கடையில் இருந்த எல்லோரும் சலூன்காரரைப் பார்த்தோம். அவர் கத்திரியைக் கீழே வைத்தார்.

“நியாயம் என்னன்னு நீங்கதான் டீச்சர் எனக்குச் சொல்லணும். நான் திங்கக்கிழமை போயிருந்தேன். பாத்ததைச் சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் உங்க இஷ்டம்.”

டீச்சர் உட்கார்ந்தார். இவர் சொன்னார். கவிழ்த்துப் போட்ட பெட்டி வரைக்கும் வந்து அங்கேயே நிறுத்திவிட்டார். டீச்சர் கையிலிருந்த சூப்பைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“பணம் திருப்பி வேணாம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. ஆனா எனக்கு இனிமே பூசணிக்கா வேணாம். சத்தியமா வேணாம்.”

முதலில் சிரித்தது வங்கிக்காரர். பிறகு எல்லோரும் சிரித்தோம், டீச்சர் உள்பட. அவர் பங்குப் பூசணியை நான் வாங்கிக்கொண்டேன்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல முடியாது. விலகிய இரண்டு வீட்டுக்காரர்களும் திரும்பி வரவில்லை. அவர்கள் மேல் தப்பும் இல்லை. பள்ளத்து நிலத்தில் இனிமேல் காய்கறி போடுவதில்லை என்று தோட்டக்காரம்மா முடிவு செய்து, அதில் மாட்டுத் தீவனப் புல் போட்டுவிட்டாள். மேட்டு நிலத்துக்கு எவ்வளவு பங்கு தாங்குமோ அவ்வளவு பேரை மட்டும் சேர்த்தாள். ஆனால் நிலத்தைக் குத்தகைக்கு விடவில்லை. குளிர் ஆரம்பிப்பதற்குள் மேட்டில் விதைத்த கீரை பெட்டிக்கு வந்தபோது, அவளே வண்டியிலிருந்து இறங்கிக் கடைக்குள் வந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்டினாள். சலூன்காரர் கீரையைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, பெரிய சமையல்காரர் மாதிரி தலையை ஆட்டினார். கால்பந்து பற்றியும் சிறுநீரகக் கல் பற்றியும் இன்றைக்கும் அப்படித்தான் தலையை ஆட்டுவார். அந்தப் பதில்களை நான் நம்புவதில்லை. காய்கறி பற்றி அவர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

போன வருஷம் நர்ஸம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்ற அந்த அம்மாவுக்குப் படுத்திருப்பது பழக்கம் இல்லை. பார்க்கப் போகிறவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தார். சலூன்காரர் கடையை அரைநாள் மட்டும் திறந்து வைத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் வீட்டில் சமைத்தார். யாருக்கும் ஃபோன் செய்து கேட்கவில்லை. நான் ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அன்றைக்குக் காலையில் வந்த பிஞ்சு பீன்ஸைப் பூண்டோடு வதக்கிக் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து, தலையணையை நிமிர்த்தி வைத்துக் கையில் கொடுத்தார். நர்ஸம்மா ஒரு வாய் மென்று பார்த்துவிட்டு உப்பு பத்தவில்லை என்றார். இவர் உப்பு எடுக்க எழுந்தார். அதற்குள் அந்த அம்மா கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.